குளத்துப் பெண்ணின் கதையைச் சொன்ன அக்கா

நான் பல நாடுகளில், பலருடைய வீடுகளில் அறை எடுத்து இருந்திருக்கிறேன். அறையைக் காட்டும்போதே அதன் குறைகளைச் சொன்னவர் அக்கா ஒருவர்தான்.

"ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும்," என்றார். "ஜன்னலாலை காத்து வரும். முந்தி இருந்த பெடியனுக்கு மூட்டைப்பூச்சி கடிச்சது. மருந்தடிச்சாச்சு. ஆனா திரும்ப வராது எண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப இந்த அறையை ஏன் அக்கா வாடகைக்கு விடுறியள்?"

"வேணுமெண்டால் எடும். வேண்டாமெண்டால் விடும். பிறகு வந்து நீங்கள் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது, அவ்வளவுதான்."

எடுத்தேன். மொஸ்கோவில் ஒரு நிலக்கீழ் அறையில் பதினொரு பேரோடு படுத்தவனுக்கு, பாதி ஹீட்டர் என்பது பெரிய விஷயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்போது ஜேர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த அந்தச் சிறு நகரத்தில், தமிழ்க் கடை ஒன்றுக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டையும் மீன் பெட்டியும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அதனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய குசினி எனக்குத் தெரியும். அவர்களுக்கு அக்காவைத் தெரியும். அக்காவின் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "கவனம் தம்பி, அவவோட," என்பார்கள். என்ன கவனம் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா ஒரு பேக்கரியில் வேலை செய்தார். விடிய முன்னமே போய் மத்தியானம் திரும்புவார். கட்டையான ஆள். முன்கையில் அடுப்புத் தட்டுச் சுட்ட தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. கேட்டதை உள்ளே கொண்டுபோய், நடந்ததை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். திறந்தால் நடந்தது மட்டும் வரும். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை கஞ்சி கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு. தெரியும். குடியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளும் கஞ்சி வந்தது. மூன்று நாளும் உப்புக் கூட. மூன்று நாளும் அதைச் சொன்னார்.

அகதி விண்ணப்ப விசாரணைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு கதையோடுதான் போவோம். அதற்கு எங்களிடையே பெயர் 'கேஸ்'. முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்குக் கேஸ் சொல்லிக் கொடுப்பார்கள். என்னுடைய கேஸில் ஒரு கடை எரிந்தது. எங்களுக்குக் கடையே இருந்ததில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த அலுவலகத்துக்குப் போவதென்றால் அந்தக் கடையின் கதவு என்ன நிறம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டுதான் போகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிரோடு வந்தவன் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் இருக்க வேண்டும்.

அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தார்களாம். "ஆமி பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சது எண்டு சொல்லுங்கோ," என்று. அக்கா விசாரணையில் போய், என்னை யாரும் அடிக்கவில்லை, பயத்தில் வந்தேன் என்று சொல்லிவிட்டார். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பவும் இல்லை. 'டுல்டுங்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அனுப்புவதைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். பல வருடங்கள் அந்தத் தாளோடு, அந்த மாவட்டத்தைத் தாண்ட அனுமதியில்லாமல் இருந்தார். லண்டனிலிருந்து கேட்டு வந்த கல்யாணம் ஒன்றும் அந்தக் காலத்தில் நின்று போனது.

"அடிச்சது எண்டு ஒரு சொல் சொன்னால் என்ன அக்கா குறைஞ்சுபோம்?" என்று ஒருநாள் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு யோசித்தார்.

"அடிச்சது என்ர தங்கச்சிக்கு," என்றார். "அது அவளின்ர. நான் எப்பிடி எடுக்கிறது?"

தங்கச்சி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் தங்கச்சியின் படம் ஒன்றும் இல்லை.

ஆட்கள் ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்கு விளங்கியது ஒரு சாவீட்டில்தான். ஆஸ்பத்திரியில் ஒரு வயதானவர் இறந்துபோனார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது அக்கா. கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில் அழுகிறான். "அக்கா, அப்பா கடைசியில என்னைக் கேட்டவரோ?"

அக்கா யோசித்தார். நாங்கள் ஐந்தாறு பேர் சுற்றி நிற்கிறோம். எல்லோருக்கும் தெரியும் என்ன சொல்ல வேண்டும் என்று.

"இல்லை," என்றார். "தண்ணி கேட்டவர். குடுத்தனான்."

அந்தக் குடும்பம் அதன் பிறகு அக்காவோடு பேசவில்லை. எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். ஒரு 'ஓம்' சொன்னால் கனடாவில் ஒருவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். திரும்பி வரும்போது வானில் அதைச் சொன்னேன். "நான் ஓம் எண்டு சொன்னால் அவன் அதை எத்தினை பேருக்குச் சொல்லுவான். பிறகு அந்த மனிசன் தண்ணி கேட்டது இல்லாமப் போயிடும்," என்றார். அது எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுக்க விளங்குகிறது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சப்பைக்கட்டுப் பேச்சில் சலிப்பு வந்துவிடும் போலிருக்கிறது.

சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். அது முடிந்து நடன வகுப்புத் தொடங்குவதற்கு இடையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். அக்கா மண்டபத்துக் குசினியில் பெற்றோருக்குத் தேநீர் போடுவார். பிள்ளைகள் அங்கே வந்து மேசைக்கு மேலும் கீழும் உட்கார்ந்துவிடுவார்கள், கதை கேட்க.

நகரத்து நூலகத்தில் பழசான புத்தகங்களைக் கழித்து வாசலில் ஒரு பெட்டிக்குள் போடுவார்கள். விரும்பியவர் எடுக்கலாம். அதிலிருந்து அக்கா எடுத்துவந்த சிறுவர் நாவல் ஒன்று. வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளை வைத்து யாரோ எழுதி, டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், மொழிபெயர்த்தது. அட்டையில் ஒரு மலை, நடுவில் கறுத்த குளம், குளத்துக்குள் வரிசையாக இறங்கும் மாடுகள். அக்கா ஒரு பக்கத்தை டொச்சில் மனதுக்குள் வாசிப்பார். விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடுவார். பிறகு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்வார். பிறகு அடுத்த பக்கம். ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாவிட்டால், "இதுக்கு எனக்குத் தமிழ் தெரியாது," என்று நிறுத்திவிட்டு டொச் சொல்லையே சொல்வார். குரலை ஏற்ற இறக்க மாட்டார். பேய் வந்தாலும் மாடு வந்தாலும் ஒரே குரல். அந்தக் குரலுக்குத்தான் பிள்ளைகள் மூச்சு விடாமல் இருந்தார்கள்.

கதை இதுதான். ஒரு மலைக் குளத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வருகிறாள். கரையில் மாடு மேய்க்கிறவன் அவளைக் கல்யாணம் கேட்கிறான். அவள் சம்மதிக்கிறாள், ஒரு நிபந்தனையோடு. காரணமில்லாமல் மூன்று முறை என்னை அடித்தால் நான் திரும்பிக் குளத்துக்குள் போய்விடுவேன். அவர்களுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். குளத்துத் தாயின் பிள்ளை என்பதால் அவளுக்கு மாடுகள் பேசுவது விளங்கும். மலையில் ஓடுகிற, சிவந்த காதுள்ள வெள்ளை நாய்கள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். தாயின் நிபந்தனையை மாடுகள்தான் அவளுக்குச் சொல்கின்றன. அன்றிலிருந்து மகளுக்கு ஒரே வேலை, தகப்பனின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது. நாய்களைக் கட்டி வைக்கிறாள், குளத்துக்கடியில் இருக்கிற அரசனிடம் போய் வழக்குப் பேசுகிறாள், எல்லாம் அந்த மூன்றாவது அடி விழாமல் தடுக்கத்தான்.

முதல் அடி ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போகும்போது. குதிரையைக் கொண்டுவரச் சொன்னான், அவள் சுணங்கினாள், கையுறையால் தோளில் தட்டினான்.

"அன்ரி, அது அடியே இல்லை!" என்று ஒரு பெடியன் கத்தினான். "எங்கட அப்பா அதைவிடப் பலமா அடிப்பார்!"

எல்லோரும் சிரித்தார்கள். "உனக்கு இன்னும் ரெண்டு போடோணும்," என்றது இன்னொன்று.

"அவளுக்கு அது அடி," என்று அக்கா அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

இரண்டாவது அடி ஒரு கல்யாண வீட்டில். எல்லோரும் சிரிக்க அவள் அழுதாள், ஏன் அழுகிறாய் என்று கையில் தட்டினான். மூன்றாவது ஒரு சாவீட்டில். எல்லோரும் அழ அவள் சிரித்தாள். அவன் தட்டினான். அவள் எழுந்து வெளியே போய், தன்னோடு குளத்திலிருந்து வந்த மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உழுதுகொண்டிருந்த எருதுகள் கலப்பையையும் இழுத்துக்கொண்டு வந்தன. வெட்டிக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கன்று கீழே இறங்கி வந்தது. எல்லாம் அவளுக்குப் பின்னால் வரிசையாகக் குளத்துக்குள் இறங்கின. மகள் கரையில் நின்றாள். புத்தகம் அங்கே முடிந்துவிட்டது.

இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் இடைப்பட்ட ஒரு சனிக்கிழமை நானும் அந்தக் குசினியில் இருந்தேன், பால் பெட்டி இறக்கிக்கொண்டு. ஜெனி என்று ஒரு பிள்ளை, எட்டு ஒன்பது வயது, மேசைக்குக் கீழே இருந்து கேட்டாள். "அன்ரி, காரணம் இருந்தால் கணக்கில வராதோ?"

"காரணமில்லாமல் எண்டுதான் போட்டிருக்கு."

"கறி கருகினால் அது காரணமோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. விரல் வைத்திருந்த இடத்தைத் திறந்து பார்த்தார். "புத்தகத்தில கறி இல்லை," என்றார்.



ஜெனியின் தகப்பனுக்கு ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. நான் மீன் கொண்டு போனால் தேநீர் குடிக்காமல் விடமாட்டார். நல்லாகப் பகிடி விடுவார். தாய் மெல்லிய ஆள், மன்னார்ப் பக்கம். கதவைத் திறந்து மூட்டையை வாங்கும்போது கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார். குளிர் என்று நினைத்தேன்.

புத்தகம் முடிந்து சில கிழமைகளில் ஜெனியின் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனார்கள், ஒரு ஏரிக்கு. ஜெனி பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டாளாம். ரீச்சர் காரணம் கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள்: நான் வீட்டில் நிற்க வேண்டும். அப்பா இரண்டு முறை அடித்துவிட்டார். இன்னும் ஒன்று அடித்தால் அம்மா தண்ணீருக்குள் போய்விடுவா. நான் இல்லாத நேரம் அடித்தால் யார் தடுக்கிறது?

இங்கே பள்ளிக்கூடம் அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காது. பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து தாய்க்கு டெர்மின் வந்தது, இன்ன நாளில் நேரில் வரவேண்டும் என்று.  பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் அந்த அலுவலகத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம். இரண்டு நாளில் நகரம் முழுக்கக் கதை பரவியது. கைநீட்டிய தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதை சொன்ன அக்காவைப் பற்றித்தான். "பிள்ளையளுக்கு உந்த வெள்ளைக்காரப் பேய்க்கதை எல்லாம் ஏன்? எங்கட கதை இல்லையே?" என்று நான் போன ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். மண்டபத்துக்கு வரவேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் ஜெனியின் தாய் வந்தார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு.

"அக்கா, நீங்கள் என்னோட அந்த டெர்மினுக்கு வரவேணும். வந்து, அது கதைதான், பிள்ளை கதையையும் வீட்டையும் குழப்பிப்போட்டாள் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நம்புவினம்."

 குழந்தை மேசை விரிப்பை இழுத்தது.

"நான் சொன்ன கதையை நான் சொன்னமாதிரிச் சொல்லுவன்," என்றார் அக்கா. "ஆனா என்ர கதையில கறி இல்லை."

தாய் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழந்தையின் தொப்பியைச் சரி செய்தார். "கதையை மட்டும் சொல்லுங்கோ. அது காணும்."

அவர் போன பிறகு அக்கா கதவடியிலேயே நின்றார். "அண்டைக்கு அந்தப் பிள்ளை என்னட்டைப் புத்தகத்தைப் பற்றிக் கேக்கேல்லை, தம்பி," என்றார். "நான் புத்தகத்தைத் திறந்து பாத்தனான்."

டெர்மினுக்கு நான்தான் வானில் கூட்டிக்கொண்டு போனேன். கைக்குழந்தை என் தோளில் தூங்கிவிட்டதால் என்னையும் உள்ளே மூலையில் உட்காரச் சொன்னார்கள். விளையாட்டுச் சாமான் நிறைந்த அறை. அலுவலர் ஓர் இளம் பெண், அமைதியான குரல். தாய்க்கு டொச் போதாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். அவர் எங்களுக்கெல்லாம் தெரிந்த அண்ணை. அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேறி வந்த கூட்டத்தில் ஒருவர். எந்த அலுவலகத்திலும் எங்களுக்காகப் பேசுகிறவர். அவர் பேசினால் காரியம் சுமுகமாக முடியும் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாயிலிருந்து வருகிற கூரான சொற்களை அவர் மழுக்கித்தான் அந்தப் பக்கம் கொடுப்பார்.

முதலில் அக்காவிடம் கேட்டார்கள். அக்கா டொச்சில் குளத்துப் பெண்ணின் கதையைச் சொன்னார். கையுறை, கல்யாண வீடு, சாவீடு, கலப்பையோடு வந்த எருதுகள். அலுவலரின் முகம் இளகியது. "அழகான கதை," என்றாள். "ஆகவே பிள்ளை இதைத்தான் எடுத்திருக்கிறாள்." அங்கேயே முடிந்திருக்கும். எனக்கே மூச்சு வந்தது.

வழக்கமாகக் கேட்பது போல, தாயின் பக்கம் திரும்பி, "வீட்டில் எல்லாம் எப்படி?" என்று கேட்டாள்.

தாய் அவளைப் பார்க்கவில்லை. அண்ணையைப் பார்த்தார். தமிழில், மெதுவாக, நிறுத்தாமல் சொன்னார்.

"தாச்சியால அடிச்சவர் அண்ணை. முதல் தரம் கையில. இஞ்ச பாருங்கோ. ரெண்டாம் தரம் முதுகில. சூட்டோட இருந்த தாச்சி. பிள்ளை இடையில வந்து நிண்டவள், அம்மாவுக்கு இன்னும் ஒண்டுதான் இருக்கு, அடிக்காதேங்கோ எண்டு கத்தினவள். அதுக்குப் பிறகு கை ஓங்கேக்கை எல்லாம் அவள் ஓடி வந்து முன்னால நிக்கிறாள். எனக்கு அதுதான் ஏலாமல் இருக்கு அண்ணை."

அண்ணை குனிந்தபடியே கேட்டார். பிறகு நிமிர்ந்து டொச்சில் சொன்னார். "எல்லாக் குடும்பத்திலும் போல இவர்களுக்குள்ளும் சில வேளை வாக்குவாதம் வரும் என்கிறார். கணவர் கடினமான உழைப்பாளி. பிள்ளை கொஞ்சம் பயந்த சுபாவம்."

அலுவலர் எழுதத் தொடங்கினாள். என் டொச் கடைகளில் பொறுக்கியது. ஆனாலும் அது எனக்கு விளங்கியது. நான் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்களை மூடித் திறந்தார்.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை," என்றார், தமிழில், அண்ணையிடம்.

"நீ இதில தலையிடாதை தங்கச்சி. எனக்குத் தெரியும் என்ன சொல்லவேணும் எண்டு."

அக்கா அலுவலரிடம் திரும்பினார். தாய் சொன்னதை முதலிலிருந்து டொச்சில் சொன்னார், மண்டபத்துக் குசினியில் சொல்கிற அதே குரலில். கை, முதுகு, சூடு, பிள்ளை கத்தியது, அது தன்னால் தாங்க முடியவில்லை என்று தாய் சொன்னது. ஒன்றும் கூட்டவில்லை. 'தாச்சி' என்று வந்த இடத்தில் மட்டும் சற்று நின்று, பொரிக்கிற சட்டிக்கு டொச்சில் சரியான சொல்லைத் தேடி எடுத்தார்.

 அலுவலர் பேனையை வைத்துவிட்டுத் தாயின் சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைபாதையில் அண்ணை அக்காவைப் பிடித்துக்கொண்டார். "எத்தினை வருசமா எத்தினை குடும்பத்தை நான் பிரியாமல் காப்பாத்தியிருக்கிறன் தெரியுமோ? ஒரு நிமிசத்தில எல்லாத்தையும் கொட்டிப்போட்டாய். அந்த மனிசன்ர வேலை, விசா எல்லாம் இனி என்னாகும்? உன்ர தலையிலயோ?"

 அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்துத் தாய் வெளியே வந்து என் தோளிலிருந்து குழந்தையை வாங்கினார். கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை.

"அண்ணை அங்கால குடுக்கமாட்டார் எண்டு தெரிஞ்சுதான் அக்கா நான் சொன்னனான்," என்றார். "ஒருக்கா வாயால சொல்லவேணும் போல இருந்தது. ஒரு தமிழ் ஆளின்ர காதில விழுந்தால் காணும் எண்டு. உங்களை ஆர் கேட்டது?"

அக்கா தாயின் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.  

அன்றைக்கே தாயையும் ஜெனியையும் குழந்தையையும் வேறொரு நகரத்திலுள்ள பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த நகரம் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். சட்டம் அப்படி.

இரண்டு நாள் கழித்து ஜெனியின் தகப்பன் எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், தேவைப்பட்டால் பிடிக்க. கத்தி முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். அக்கா கதவைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்.

"திரும்பி வருவாளோ?"

"தெரியாது."

"உங்கட கதையில என்ன நடந்தது?"

"கரையோட முடிஞ்சுபோச்சு," என்றார் அக்கா. தகப்பன் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

சில கிழமை கழித்து ஒரு தொலைபேசி வந்தது. திரையில் இலக்கம் காட்டவில்லை. அக்கா மாப் பிசைந்துகொண்டிருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டு நான் மேசையில் வைத்தேன். ஜெனியின் தாய்.

"அக்கா, இவள் சாப்பிடுறாளில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். நான் பேக்கை எடுத்தால், எங்க போறியள் எண்டு கேக்கிறாள். அந்தக் குளத்துக்குள்ள போன மனிசி திரும்பி வந்தவளோ இல்லையோ எண்டு மட்டும் உங்களிட்டைக் கேட்டுச் சொல்லட்டாம்."

அக்காவின் கை மாவுக்குள் நின்றது. "இந்தப் புத்தகத்தில இல்லை பிள்ளை. ரெண்டாம் பாகம் ஒண்டு இருக்கெண்டு பின்னட்டையில போட்டிருக்கு. நான் இன்னும் வாசிக்கேல்லை."

"வந்தவள் எண்டு சொல்லுங்கோவன் அக்கா. சின்னப் பிள்ளைதானே."

"தெரியாததை எப்பிடிச் சொல்லுறது?"

"நான் சொன்னால் அவள் நம்பமாட்டாளாம். நீங்கள் சொன்னால்தான் நம்புவாளாம். ஒரு சொல்லுத்தானே அக்கா!"

"தேடி எடுக்கிறன். எடுத்து வாசிச்சுப்போட்டு..."

தொலைபேசி நின்றுவிட்டது.

அதன் பிறகு அக்கா அந்தப் புத்தகத்தைத் தேடிய மாதிரி ஒருவர் எதையும் தேடி நான் பார்த்ததில்லை. எங்கள் நகரத்து நூலகத்தில் இல்லை. பக்கத்து நகரத்தில் இல்லை. அச்சில் இல்லை என்று கடைக்காரன் சொன்னான். என் வேலை முடிந்த பின்னேரங்களில் வானில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நூலகம், பழைய சாமான் சந்தை, தேவாலயத்து நன்கொடைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்கி ஏறினோம்.  ஒவ்வொரு இடத்திலும் அவர் வெறுங்கையோடு வரும்போது, இந்த மனுசி ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். ஒருநாள் பாதையைப் பார்த்தபடி, "பொய் சொல்ல எனக்குத் தெரியாது எண்டில்லை தம்பி," என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் டுசல்டோர்ஃபில் ஒரு பழைய புத்தகக் கடையில், யாரோ ஒரு பிள்ளை நிறப்பென்சிலால் கிறுக்கிய பிரதி ஒன்று கிடைத்தது. வீடு வரும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. கார்த் தரிப்பிடத்தில், வானுக்குள் இருந்து வாசித்தார். நான் ஒரு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு வெளியே நடந்தேன். திரும்பி வந்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார்.

"வந்தவளோ?"

"வந்தவள்," என்றார். "புருசனிட்டை இல்லை. மகளிட்டை. கன காலத்துக்குப் பிறகு. அவள் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போறவள், ஒருநாள் தாய் தண்ணிக்குள்ளாலை ஏறி வந்து, எந்த இலை எந்த நோவுக்கு எண்டு சொல்லிக்குடுக்கிறா." முகம் முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரித்தால் பல் இவ்வளவு தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "இருக்கு தம்பி. புத்தகத்திலயே இருக்கு."

ஆனால் சொல்வதற்கு இலக்கம் இல்லை. அலுவலகத்தில் கேட்டார். தரமுடியாது என்றார்கள். ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டார். பார்க்கிறோம் என்றார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சொல்லவில்லை. ஜெனியின் தாய் மறுபடி அழைத்தால்தான் உண்டு. அழைத்தாலும், போன முறை போல வைத்துவிட்டால்?

அக்கா முன்பெல்லாம் இலக்கம் காட்டாத அழைப்பை எடுக்கவே மாட்டார். காப்புறுதி விற்கிறவர்கள்தான் அப்படி அழைப்பார்கள். இப்போது பேக்கரியிலும் பஸ்ஸிலும், தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

வசந்தம் வர நான் அந்த நகரத்தை விட்டுக் கிளம்பினேன். தெற்கே ஒரு குளிரறைக் களஞ்சியத்தில் வேலை கிடைத்திருந்தது. பெட்டியைப் படிக்குக் கொண்டுவந்தபோது அக்கா விடைசொல்ல வாசலுக்கு வந்தார். தொலைபேசி அடித்தது. திரையைப் பார்த்தார். இலக்கம் இல்லை. முதல் மணி முடிய முன்னமே எடுத்து, ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"வந்தவள், பிள்ளை," என்றார். "திரும்பி வந்தவள். மகளிட்டை வந்தவள். வைக்காதை."

மறுமுனையில் ஒரு ஜேர்மன்காரன் கொஞ்சம் திகைத்துப் பிறகு மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசத் தொடங்கினான். அக்கா அவன் முடிக்கும்வரை கேட்டார். வேண்டாம், நன்றி என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம், "பெட்டி பாரமோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நான் தெருமுனைக்குப் போவதற்குள் அது மறுபடி அடித்தது. அக்காவின் அதே குரல், அதே சொல், திறந்திருந்த வாசலால் தெருவுக்குக் கேட்டது.